டிஜிஎஃப்-பீட்டா தடுக்கிறதா, தூண்டுகிறதா? புற்றுசெல் திசுவுக்குள் ஊடுருவுவது பற்றி ஒரு சந்தேகம்

தேடல்மாணவி | திங்கள், இரவு 9.40

வணக்கம். முதுநிலை உயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். செல் சமிக்ஞை பாடத்தில் ஒரே வாரத்தில் இரண்டு வகுப்பு. முதல் வகுப்பில், டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதம் செல் பெருகுவதை நிறுத்தும், அதனால் புற்றுநோய்க்கு எதிரி என்று எழுதிக்கொண்டேன். இரண்டாவது வகுப்பில், அதே டிஜிஎஃப்-பீட்டாதான் புற்றுசெல்லைக் கட்டியிலிருந்து பிரித்துப் பக்கத்துத் திசுவுக்குள் போகவைக்கிறது என்று எழுதிக்கொண்டேன். இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் படித்தால் ஏதோ ஒன்று தப்பாக இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஆசிரியரிடம் கேட்டேன். "சூழலைப் பொறுத்தது" என்றார். எந்தச் சூழல்? செல்லுக்குள் எது மாறினால் ஒரே சமிக்ஞைக்கு நேர் எதிரான பதில் வரும்? தேர்வுக்காக மட்டும் கேட்கவில்லை. இது புரியாமல் அடுத்த பாடத்துக்குப் போக மனம் வரவில்லை.

நுண்ணோக்கி | திங்கள், இரவு 10.25

நான் நோய்க்குறியியல் ஆய்வகத்தில் பல வருடமாகத் திசுத் துண்டுகளைப் பார்க்கிறவள். மூலக்கூறு விஷயத்தை மற்றவர்கள் சொல்லட்டும். ஊடுருவல் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது மனதில் பதியாமல் புரதப் பெயர்களை அடுக்கினால் எதுவும் நிற்காது.

மார்பகக் குழாய், வாயின் உள்பரப்பு, குடலின் உள்பூச்சு என்று எங்கே பார்த்தாலும் எபிதீலிய செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக உட்கார்ந்திருக்கும். அவற்றுக்குக் கீழே அடிச்சவ்வு. நான்காம் வகைக் கொலாஜனும் லாமினினும் பின்னிய, மிக மெல்லிய விரிப்பு. வயலுக்கு வரப்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வரப்புக்கு அந்தப் பக்கம் நார்த்திசு, இரத்தக் குழாய், நிணநீர்க் குழாய். இந்தப் பக்கத்திலேயே செல்கள் எவ்வளவு கண்டபடி பெருகிக் கிடந்தாலும், வரப்பைத் தாண்டாத வரை அது வேறு நோய் என்றே சொல்லலாம். அறுத்து எடுத்தால் பெரும்பாலும் முடிந்துவிடும். ஒரே ஒரு இடத்தில் தாண்டிவிட்டது என்று நான் எழுதினால் அந்த நோயாளியின் சிகிச்சையே மாறிப்போகும்.

வாய்ப்புற்றில் இதை மில்லிமீட்டரிலேயே அளக்கிறோம். 2018 முதல் நடைமுறையில் உள்ள எட்டாம் பதிப்பு நிலைப்படுத்தல் விதிப்படி, கட்டி 2 செ.மீ.க்குள் இருந்தாலும் ஊடுருவிய ஆழம் 5 மி.மீ.ஐத் தாண்டினால் அது டி1 (மிக ஆரம்பக் கட்டி நிலை) இல்லை. அகலத்தைவிட ஆழம் ஆபத்தானது என்பதை விதியே ஒத்துக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று. கட்டியின் நடுப்பகுதியில் செல்கள் நெருக்கமாக ஒட்டியிருக்கும். ஓரத்துக்கு வந்தால் நான்கு செல்லுக்கு மேற்படாத சின்னச் சின்னக் கொத்துகளாகவும், சில இடத்தில் தனித்தனியாகவும் உதிர்ந்து கிடக்கும். மொட்டு என்போம். குடல் புற்றில் மொட்டு நிறைய இருந்தால் நோயின் போக்கு மோசம் என்பது உறுதியான விஷயம். ஒரே கட்டிதான். நடுவில் இருக்கிற செல்லுக்கும் ஓரத்தில் இருக்கிற செல்லுக்கும் மரபணுவில் பெரிய வேறுபாடு இல்லாமலேகூட இருக்கலாம். ஓரத்து செல்லின் காதில் என்ன விழுகிறது என்பதுதான் உங்கள் கேள்வி என்று நினைக்கிறேன்.

வேதிப்பாலம் | செவ்வாய், காலை 6.50

மாணவி, உங்கள் இரண்டு குறிப்பும் சரி. நான் ஆறு வருடம் இந்தப் புரதத்தோடுதான் வேலை செய்தேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

பெயரிலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. முழுப் பெயர் "உருமாற்றும் வளர்ச்சிக் காரணி". 1970களின் கடைசியிலும் 80களின் தொடக்கத்திலும், சாதாரண எலிச் சிறுநீரக நார்செல்களைப் புற்றுசெல் போல நடக்கவைக்கும் பொருளாகத்தான் அதைப் பிரித்தெடுத்தார்கள். சில வருடத்திலேயே எபிதீலிய செல்களில் போட்டுப் பார்த்தபோது அது பெருக்கத்தை நிறுத்தியது. உங்களுக்கு வந்த குழப்பம் கண்டுபிடித்தவர்களுக்கே வந்தது.

வேலை செய்யும் விதம் இது. செல்லுக்கு வெளியே வலைத்திசுவில் டிஜிஎஃப்-பீட்டா ஒரு உறைக்குள் அடைபட்டுச் சும்மா கிடக்கும். இன்டெக்ரின் என்ற பிடிப்புப் புரதம் அந்த உறையை இழுத்தால் வெளியே வரும். வந்ததும் செல் மேல் உள்ள ஏற்பியில் ஒட்டும். இரண்டாம் வகை ஏற்பி முதலாம் வகை ஏற்பிக்கு பாஸ்பேட் ஏற்றும். அது ஸ்மாட்2, ஸ்மாட்3 என்ற புரதங்களுக்கு ஏற்றும். அவை ஸ்மாட்4-ஐச் சேர்த்துக்கொண்டு உட்கருவுக்குள் போகும். இதுவரை நல்ல செல்லிலும் புற்றுசெல்லிலும் ஒரே கதை.

பிரிவது உட்கருவுக்குள். ஸ்மாட்டுகளுக்கு டிஎன்ஏவைத் தனியாக இறுகப் பிடிக்கும் வலு இல்லை. அங்கே ஏற்கெனவே இருக்கிற புரதங்களோடு சேர்ந்துதான் எந்த மரபணுவைத் திறப்பது என்று முடிவாகும். நல்ல எபிதீலிய செல்லில் அவை பி15, பி21 என்ற தடைப் புரதங்களைத் திறக்கும், பெருக்கத்தைத் தூண்டும் மிக் மரபணுவை அடக்கும். செல் பெருகுவது நின்றுவிடும். பெருகச் சொல்லும் ராஸ் மரபணு கெட்டுப்போன செல்லில் உள்ளே இருக்கும் கூட்டாளிகள் வேறு. அந்தத் தடைகள் பலவும் ஏற்கெனவே உடைந்திருக்கும். அங்கே அதே ஸ்மாட்டுகள் ஸ்னெயில், ஸ்லக், ஜெப் போன்ற புரதங்களைத் திறக்கின்றன. ஸ்னெயில் போய் இ-கேட்ஹெரின் மரபணுவை அடைத்துவிடும். இதை 2000-ல் இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் காட்டின. இ-கேட்ஹெரின்தான் பக்கத்துப் பக்கத்து எபிதீலிய செல்களை ஒட்டவைக்கும் பசை. பசை போனால் செல் வரிசையை விட்டுக் கழன்று, உருவம் நீண்டு, நார்செல்லைப் போல நகரத் தொடங்கும். எபிதீலிய-மீசன்கைம் மாற்றம் என்பது இதைத்தான்.

சூழல் என்று உங்கள் ஆசிரியர் சொன்னதில் பாதி, செல்லுக்குள் ஏற்கெனவே நடந்துவிட்ட சேதம். எந்தத் தடை உடைந்திருக்கிறது, எந்தக் கூட்டாளி உட்கார்ந்திருக்கிறது என்பது.

இந்த மாற்றத்தைப் புற்றுநோய் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. கோழிக் கருவில் நரம்பு முகட்டு செல்கள் பிரிந்து நடந்து போய் முகத்து எலும்பையும் தோலின் நிறமி செல்களையும் உண்டாக்குவது இதே வழியில்தான். எலிசபெத் ஹே என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்த மாற்றத்தைக் கருவில் பார்த்து விவரித்தபோது புற்றுநோய் அவர் மனதில் முதலில் இருந்த விஷயம் இல்லை. நம் உடல் உருவாகப் பயன்பட்ட அதே ஏற்பாடு இங்கே மறுபடி கையில் எடுக்கப்படுகிறது. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் ஒரு திகைப்பு வரும்.

தேடல்மாணவி | செவ்வாய், காலை 8.15

ஸ்மாட் தனியாக முடிவெடுக்காது என்ற ஒரு வரியிலேயே பாதி தெளிந்தது. அப்படியானால் கணையப் புற்றில் ஸ்மாட்4 புரதமே தொலைந்துபோகிறது என்று படித்தேனே? சமிக்ஞை புற்றுக்கு உதவுகிறது என்றால் அதை ஏன் தொலைக்க வேண்டும்?

வேதிப்பாலம் | செவ்வாய், காலை 8.40

கணையப் புற்றில் ஏறக்குறைய பாதிக் கட்டிகளில் ஸ்மாட்4 செயல் இழந்திருக்கிறது. 1996-ல் அந்த மரபணு கண்டுபிடிக்கப்பட்டதே அந்தக் கட்டிகளில்தான். தடுக்கும் கை இன்னும் வலுவாக இருக்கும்போது அதை வெட்டிவிட்ட செல்லுக்கு லாபம், அதுதான் காரணம். டிஜிஎஃப்-பீட்டாவுக்கு ஸ்மாட் அல்லாத பாதைகளும் உண்டு. ஏற்பி நேராகவே செல் இணைப்புகளைத் தளர்த்தும் ஒரு வழி இருக்கிறது. அதனால் ஸ்மாட்4 போனாலும் பேச்சு முழுதாக நின்றுவிடாது.

மழைக்காடு | செவ்வாய், மதியம் 1.30

வேதிப்பாலம் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் பாடப்புத்தகங்கள் செய்யும் தவறு இதிலும் வந்துவிட்டது. புற்றுசெல் என்றால் ஒட்டுதலைக் கழற்றி, நார்செல் ஆகி, தனியாக நடந்து போகும் என்ற படம் எல்லாக் கட்டிக்கும் பொருந்தாது. நோயாளியின் திசுவில் பெரும்பாலும் தெரிவது கூட்டமாகப் போவது. முன்னால் சில செல்கள், பின்னால் இ-கேட்ஹெரினோடு ஒட்டிக்கொண்டே ஒரு விரல் போல மீதி செல்கள்.

2015-ல் ஒரே இதழில் எலிகளில் செய்த இரண்டு ஆய்வுகள் வந்தன. ஒன்று மார்பகப் புற்று, ஒன்று கணையப் புற்று. இந்த மாற்றம் நடக்காமலே நோய் வேறு உறுப்புக்குப் பரவியது என்றும், கீமோவுக்கு அடங்காமல் போவதில்தான் அதன் பங்கு தெளிவாகத் தெரிகிறது என்றும் இரண்டும் சொல்லின. உங்கள் ஆறு வருட வேலை பெரும்பாலும் தட்டில் வளர்த்த செல்களில் என்றால், அதைக் கேட்டே ஆக வேண்டியிருக்கிறது.

வேதிப்பாலம் | செவ்வாய், மாலை 5.05

பெரும்பாலும் தட்டில்தான், ஒத்துக்கொள்கிறேன். அந்த 2015 ஆய்வுகளுக்கு மறுப்பும் வந்தது. ஒன்றில், மாற்றம் நடந்ததா என்று அடையாளம் காட்டப் பயன்படுத்திய மரபணு எல்லா மாறிய செல்லிலும் செயல்படாது என்பது மறுப்பு. இன்னொன்றில், ஸ்னெயிலையோ அதைப் போன்ற டுவிஸ்ட் என்ற புரதத்தையோ நீக்கினால் மாற்றமே நின்றுவிடுமா, மற்ற காரணிகள் அந்த இடத்தை நிரப்பாதா என்பது.

ஆனால் உங்கள் அடிப்படைக் கருத்து சரி. இப்போது பலரும் இதை முழு மாற்றம் என்று பார்ப்பதில்லை. எபிதீலிய குணமும் நகரும் குணமும் கலந்த பாதி நிலை என்கிறார்கள். ஒட்டுதல் கொஞ்சம், நகர்வு கொஞ்சம். நுண்ணோக்கி சொன்ன மொட்டுகள் அந்த நிலைக்கு நல்ல உதாரணம். என் முந்தைய பதிவில் "கழன்று" என்று எழுதியதைத் "தளர்ந்து" என்று மாற்றிப் படியுங்கள்.

ஒருமகள் | செவ்வாய், இரவு 9.20

நான் இந்தத் துறை இல்லை. அம்மாவின் பயாப்ஸி ரிப்போர்ட்டைத் தேடும்போது இந்த இழை கிடைத்தது. மார்பகப் புற்று, லோபுலர் வகை, "இ-கேட்ஹெரின் நெகடிவ்" என்று போட்டிருக்கிறது. மேலே பசை போனால் செல் நடக்கத் தொடங்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அம்மாவுக்கு ஏற்கெனவே பரவிவிட்டது என்று அர்த்தமா? டாக்டரைப் பார்க்க வெள்ளிக்கிழமைதான் நேரம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை தூக்கம் வராது போல இருக்கிறது.

நுண்ணோக்கி | செவ்வாய், இரவு 9.35

அம்மா, முதலில் இதைப் படியுங்கள். இல்லை. அந்த வரிக்கு அப்படி அர்த்தம் இல்லை.

மார்பகப் புற்றில் டக்டல், லோபுலர் என்று இரண்டு பெரிய வகை. இரண்டையும் பிரித்தறியத்தான் இ-கேட்ஹெரின் சாயம் போடுகிறோம். லோபுலர் வகையில் அது பெரும்பாலும் இருக்காது. "இது லோபுலர்தான்" என்று உறுதிசெய்ய எழுதிய வரி அது. எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைக் கட்டியின் அளவும், அக்குள் நிணநீர்க் கணுவும், டாக்டர் தேவை என்று நினைத்தால் எடுக்கச் சொல்லும் ஸ்கேனும்தான் சொல்லும். ரிப்போர்ட்டில் ஈஆர், பிஆர் (இரண்டும் ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்2 (வளர்ச்சிக் காரணி ஏற்பி வகை) என்று மூன்று வரி இருக்கும். அவற்றைப் பற்றி வெள்ளிக்கிழமை டாக்டரிடம் கேளுங்கள். லோபுலர் வகையில் ஈஆர் பெரும்பாலும் பாசிடிவாக இருக்கும். இருந்தால் ஹார்மோன் சிகிச்சைக்கு வழி உண்டு.

மாணவிக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. லோபுலர் வகையிலேயே, அடிச்சவ்வைத் தாண்டாத நிலை ஒன்று உண்டு. அந்த செல்களிலும் இ-கேட்ஹெரின் இருப்பதில்லை. பசை இல்லாமல் உதிரியாகக் கிடக்கும், ஆனாலும் வருடக் கணக்கில் வரப்புக்குள்ளேயே இருக்கும். ஒட்டுதல் போவது வேறு, வரப்பை உடைப்பது வேறு. தாண்டிய பிறகுதான் ஒட்டுதல் இல்லாததன் அடையாளம் தெரியும். நார்களுக்கு நடுவே எறும்புச் சாரை போல ஒற்றை வரிசையில் போகும். அதனால்தான் கையில் கட்டியாகத் தட்டுப்படாமலும் மேமோகிராமில் சரியாகத் தெரியாமலும் இருக்கிறது.

மழைக்காடு | செவ்வாய், இரவு 10.10

நுண்ணோக்கி சொன்னது இந்த இழையிலேயே முக்கியமான வரி. ஒருமகளுக்கு என் அன்பு, தைரியமாக இருங்கள்.

மாணவிக்கு: இ-கேட்ஹெரின் மரபணுவில் பிறவியிலேயே பழுது இருக்கும் குடும்பங்கள் உண்டு. 1998-ல் நியூசிலாந்தில் ஒரு மவோரிக் குடும்பத்தில்தான் இது முதலில் தெரிந்தது. தலைமுறை தலைமுறையாக இளம் வயதிலேயே வயிற்றுப் புற்று. தங்கள் குடும்பத்தில் ஏன் இத்தனை மரணம் என்று கேட்டு ஆய்வாளர்களிடம் போனவர்கள் அந்தக் குடும்பத்தார்தான்.

தேடல்மாணவி | புதன், காலை 7.00

அப்படியானால் வரப்பை உடைப்பது எது? அதற்கும் சமிக்ஞைப் புரதம் இருக்கிறதா?

வேதிப்பாலம் | புதன், இரவு 8.30

இருக்கிறது. இந்தக் கதை கோழியிலிருந்து தொடங்குகிறது. 1911-ல் பெய்டன் ரௌஸ், ஒரு கோழியின் சதைக்கட்டியை அரைத்து, செல் எதுவும் போகாத வடிகட்டியில் வடித்து, அந்தச் சாறு இன்னொரு கோழிக்குக் கட்டியை உண்டாக்குவதைக் காட்டினார். அது வைரஸ். 55 வருடம் கழித்து 1966-ல்தான் அதற்கு நோபல் பரிசு வந்தது. அந்த வைரஸில் இருந்த மரபணு சார்க். நம் செல்களிலேயே அதன் மூலப்பிரதி இருக்கிறது என்பது 1976-ல் தெரிந்தது.

சார்க் ஒரு கைனேஸ். மற்ற புரதங்களின் டைரோசின் மேல் பாஸ்பேட் ஏற்றும். 1980களில் அதே ரௌஸ் வைரஸ் தொற்றிய கோழி நார்செல்களை வலைத்திசு விரிப்பின் மேல் வளர்த்தபோது, செல்லின் அடிவயிற்றிலிருந்து சின்னச் சின்னக் கால்கள் கீழே நீண்டு விரிப்பைத் துளைப்பது தெரிந்தது. ஊடுருவு கால்கள் என்று நான் சொல்வேன். சார்க் தூண்டினால் உள்ளே ஆக்டின் நார்கள் குவிந்து காலைத் தள்ளும். காலின் நுனியில் கொலாஜனை வெட்டும் நொதிகள் வந்து சேரும். தள்ளுவதும் வெட்டுவதும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில்.

வெட்டும் நொதிகளுக்கு எம்எம்பி என்று பெயர். 1962-ல் முதன்முதலில் இவற்றைக் கண்டது தலைப்பிரட்டையின் வாலில். தவளை ஆகும்போது வாலைக் கரைப்பது இதுதான்.

இதையெல்லாம் தொடங்கிவைக்கும் குரல் பல நேரம் வெளியிலிருந்து வரும். நியூயார்க்கில் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில் எலிகளின் மார்பகக் கட்டியில் செய்த ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. மெல்லிய ஊசியில் ஈஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியை நிரப்பி உயிருள்ள கட்டிக்குள் வைத்தார்கள். புற்றுசெல்கள் ஊசிக்குள் நகர்ந்து வந்தன. கூடவே மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்பு செல்களும் வந்தன. மேக்ரோஃபேஜ் ஈஜிஎஃப் கொடுக்கிறது, புற்றுசெல் பதிலுக்கு சிஎஸ்எஃப்-1 என்ற சமிக்ஞைப் புரதத்தைக் கொடுத்து மேக்ரோஃபேஜைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறது. இரண்டில் எந்த ஏற்பியை அடைத்தாலும் இரண்டு செல்லும் நின்றுவிட்டன. நம்மைக் காக்க வேண்டிய செல்லே வழித்துணையாகப் போகிறது. சூழல் என்றதன் மறுபாதி இது.

மழைக்காடு | வியாழன், காலை 6.20

எம்எம்பி என்றதும் ஒரு தோல்வியைச் சொல்லாமல் விடக்கூடாது. 1990களில் மாரிமாஸ்டாட் போன்ற மருந்துகள் இந்த நொதிகளை மொத்தமாக அடைக்க வந்தன. எலிகளில் நன்றாக வேலை செய்தன. மனிதச் சோதனையில் ஆயுளை நீட்டவில்லை. மூட்டு வலி, தசை வலி, தோள் இறுக்கம் என்று நோயாளிகள் அவதிப்பட்டார்கள். எலிகளுக்கு நோயின் தொடக்கத்திலேயே கொடுத்தார்கள், மனிதர்களுக்கு ஏற்கெனவே பரவிய நிலையில் கொடுத்தார்கள். வரப்பு உடைந்து வெகுநாள் ஆன பிறகு. சில எம்எம்பிகள் உடலுக்கு நல்லது செய்கிறவை என்பதும் பிறகுதான் புரிந்தது.

2003-ல் இன்னொரு விளக்கம் வந்தது. நொதிகளை அடைத்ததும் ஒரு வகை சார்கோமா (இணைப்புத்திசுப் புற்று) செல்கள் நிற்கவில்லை. நீண்ட உருவத்தை விட்டு உருண்டையாகி, ரோ என்ற புரதம் கொடுக்கும் சுருங்கும் வலுவால், அமீபா போலச் சந்துகளில் பிதுங்கிப் போயின. ஒரு சமிக்ஞைப் பாதையை மூடினால் இன்னொன்றில் போகும். ஆனால் அந்தச் சோதனைகளிலும் கவனம் வேண்டும். பயன்படுத்தும் கொலாஜனைப் பெப்சின் என்ற செரிமான நொதி போட்டு எடுத்திருந்தால் அதன் குறுக்குக் கட்டுகள் போய் வலை தளர்ந்திருக்கும். இறுகக் கட்டிய கொலாஜனில் நொதி இல்லாமல் செல் போக முடிவதில்லை. உட்கரு பெரியது, ஒரு அளவுக்கு மேல் நசுங்காது.

பாக்குநார் | வியாழன், காலை 11.45

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் பல் மருத்துவர். வெற்றிலை பாக்கு, பாக்குத் தூள் போடுகிறவர்களுக்கு வாய் திறக்க முடியாமல் இறுகிப்போகும் நிலை வருகிறதே, அதில் எபிதீலியத்துக்குக் கீழே கொலாஜன் குவிகிறது. அதற்குப் பின்னாலும் டிஜிஎஃப்-பீட்டா இருக்கிறது. அவர்களில் ஒரு பகுதியினருக்குப் புற்று வருகிறது. புகையிலை கலக்காத வெறும் பாக்கே புற்றுக் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் பிரிவில் வைத்திருக்கிறது. "புகையிலை போடுவதில்லை டாக்டர், பாக்கு மட்டும்தான்" என்று என்னிடம் சொல்லாத வாரம் இல்லை. வாய் விரல் இரண்டுக்குக்கூடத் திறக்காதவரைப் பார்க்கும்போது மனசு கனத்துவிடும். அவ்வளவுதான், இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும்.

தேடல்மாணவி | வியாழன், இரவு 9.50

இல்லை சார், இது எனக்கு மிகவும் தேவையாக இருந்தது. என் தாத்தாவும் பாக்கு போடுகிறவர்.

கடைசியாக ஒன்று. எல்லாவற்றுக்கும் தொடக்கத்தில் டிஜிஎஃப்-பீட்டா இருக்கிறது என்றால் அதையே அடைக்கக்கூடாதா?

வேதிப்பாலம் | வியாழன், இரவு 10.30

முயன்றுகொண்டுதான் இருக்கிறார்கள். உங்கள் முதல் கேள்விக்கான பதில் அங்கே நோயாளியின் உடலிலேயே தெரிந்தது. டிஜிஎஃப்-பீட்டாவை அடைக்கும் எதிர்ப்பொருளைக் கொடுத்தபோது சிலருக்குத் தோலில் புதிய வளர்ச்சிகள் வந்தன, சில தோல் புற்றாகவே. கட்டிக்குத் தூண்டுகோலாக இருந்த அதே புரதம் தோலில் காவலாக நின்றுகொண்டிருந்தது. விலங்குகளில் சில ஏற்பி அடைப்பான்கள் இதய வால்வைப் பாதித்தன. டிஜிஎஃப்-பீட்டாவைப் பிடிக்கும் பொறியையும் நோயெதிர்ப்பு செல்லை அடக்கும் பிடி-எல்1 புரதத்துக்கான எதிர்ப்பொருளையும் ஒரே மூலக்கூறில் இணைத்த ஒரு மருந்துமேல் எனக்கு நிறைய நம்பிக்கை இருந்தது. நுரையீரல் புற்றில் நடந்த அதன் பெரிய சோதனையை 2021 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள். அன்று ஆய்வகத்தில் யாருக்கும் பேச்சு வரவில்லை.

இப்போது என் எண்ணம் இதுதான்: மொத்தமாக அடைப்பதைவிட, அது எந்த இடத்தில் உறையை விட்டு வெளியே வருகிறதோ அங்கே அடைக்க வேண்டும். உறையைக் கிழிக்கும் அந்த இன்டெக்ரின்களைக் குறிவைப்பது ஒரு வழி.

ஒருமகள் | வெள்ளி, மாலை 6.15

டாக்டரைப் பார்த்துவிட்டோம். ஈஆர் பாசிடிவ், ஹெர்2 நெகடிவ். மேமோகிராமில் சரியாகத் தெரியாததால் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லியிருக்கிறார். கணுவை ஆபரேஷனில் பார்ப்பார்களாம். இ-கேட்ஹெரின் பற்றிக் கேட்டேன், நுண்ணோக்கி அக்கா சொன்னதையே சொன்னார். நேற்று இரவு தூங்கினேன்.

நுண்ணோக்கி | வெள்ளி, இரவு 8.00

நல்லதம்மா. எம்ஆர்ஐ ரிப்போர்ட் வந்ததும் புரியாத வரி இருந்தால் இங்கே எழுதுங்கள்.

மாணவி, உங்கள் கல்லூரியில் குடல் புற்று ஸ்லைடு ஒன்று கட்டாயம் இருக்கும். நடுவைப் பார்க்காதீர்கள். சின்ன உருப்பெருக்கத்தில் ஓரத்தைத் தேடிப் பிடித்து, பிறகு இருபது மடங்குக்குப் போங்கள். மொட்டுகளை எண்ணிவிட்டு எத்தனை என்று சொல்லுங்கள்.